கருப்புத் தண்ணி

எங்கள் ஊர் வந்துவிட்டதை பஸ்ஸில் தூங்குகிறவர்களும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊருக்கு மூன்று கிலோமீட்டர் முன்பே ஜன்னல் வழியாக ஒரு நாற்றம் உள்ளே வரும். வேகவைத்த முட்டைக்கோஸை மூன்று நாள் மூடி வைத்துத் திறந்த மாதிரி. புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து சீட்டைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். நாங்கள் பையை எடுத்துக்கொண்டு இறங்கத் தயாராவோம்.

ஊரில் ஒரு காகித ஆலை. அப்பா அதில் ரெகவரி பாய்லர் ஆபரேட்டர். அவர் கையாண்ட பொருளின் பெயர் பிளாக் லிக்கர். மாப்பிள்ளைக்கு ‘லிக்கர் செக்‌ஷனில்’ வேலை என்று கேள்விப்பட்டதும் என் அம்மாயி கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தாராம். “சாராயம் காச்சுற எடத்துல வேலைன்னா பொண்ண எப்படிங் குடுக்கறது?” தாத்தா மில் வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்துதான் சமாதானம் ஆனது. மில்காரர்கள் அதைக் கருப்புத் தண்ணி என்பார்கள்.

எங்கள் வீட்டில் துணி காயப்போட இரண்டு கொடிகள் இருந்தன. மாடியில் ஒன்று, எல்லோருக்கும். பின்கட்டில் முருங்கை மரத்துக்கும் பாத்ரூம் சுவருக்கும் இடையில் இன்னொன்று, அப்பாவின் காக்கிச் சட்டைக்கு மட்டும். ஷிப்ட் முடிந்து வந்தால் அவர் முன்வாசல் வழியாக வரமாட்டார். சந்து வழியாகப் பின்னால் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பதினொன்றாம் வகுப்பில் பக்கத்து டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். முதல் பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா ஏ ஷிப்ட் முடித்து அப்படியே டிவிஎஸ் ஐம்பதில் வந்துவிட்டார். வகுப்பு வாசலில் அவரைப் பார்த்ததும் எனக்குச் சட்டைதான் கண்ணில் பட்டது. அதைவிட முன்னால் மூக்கில் பட்டது. ஓடிப்போய், “ஏப்பா, மிஸ் எல்லாம் கையெழுத்து போட்டா போதும்னுட்டாங்க. நீங்க கேட்டுக்கு வெளிய நில்லுங்க, நான் நோட்ட எடுத்துட்டு வர்றேன்” என்றேன். பொய். அவர் “சரி கண்ணு” என்று கேட்டுக்கு வெளியே போய் நின்றார். கூட்டம் முடிய ஒரு மணி நேரம் ஆனது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியது. ஆனால் அதற்குக் கொஞ்சம் வேதியியல் தேவைப்படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரத்தில் சுமார் பாதி செல்லுலோஸ். காகிதத்துக்கு வேண்டியது அந்த நார்தான். அந்த நார்களை ஒன்றோடொன்று இறுக்கி மரத்தை நிமிர்ந்து நிற்க வைப்பது லிக்னின். மரத்தின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அது. “கம்பியும் கான்கிரீட்டும் மாதிரி கண்ணு. நமக்குக் கம்பி மட்டும் வேணும். கான்கிரீட்டக் கரைக்கணும்” என்று அப்பா சொல்வார். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை.

கரைக்கும் முறைக்கு கிராஃப்ட் என்று பெயர். ஜெர்மன் மொழியில் வலிமை. கார்ல் டால் என்பவர் 1884-இல் காப்புரிமை பெற்றது. மரச் சில்லுகளைக் காஸ்டிக் சோடாவோடும் சோடியம் சல்பைடோடும் சேர்த்து 170 டிகிரி அளவில் அழுத்தத்தில் வேகவைப்பார்கள். நார் ஒரு பக்கம் வரும். கரைந்த லிக்னின், சோடா, சல்பர் எல்லாம் கலந்த கருப்புத் தண்ணி இன்னொரு பக்கம். ஒரு டன் கூழுக்குச் சுமார் ஏழு டன் கருப்புத் தண்ணி. சல்பர் லிக்னினோடு வினைபுரியும்போது உருவாகிற மெர்காப்டன் வகை வாயுக்கள்தான் எங்கள் ஊரின் முகவரி. காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைப் பிடித்துவிடும்.

அந்தத் தண்ணியை ஆற்றில் விட்டால் ஆறு செத்துவிடும், மில்லும் திவாலாகிவிடும். அதனால் அதைச் சுண்டக் காய்ச்சி, பாகு பதத்துக்குக் கொண்டுவந்து, பாய்லருக்குள் பீய்ச்சி எரிக்கிறார்கள். லிக்னின் எரிந்து நீராவி தருகிறது, மின்சாரம் தருகிறது. சோடாவும் சல்பரும் அடியில் குழம்பாக உருகி ஓடுகின்றன. அதைக் கரைத்து, சுண்ணாம்பு சேர்த்து, மறுபடியும் மரம் வேகவைக்க அனுப்புகிறார்கள். கனடாவில் டாம்லின்சன் 1930-களில் இந்தப் பாய்லரை உருவாக்கியிராவிட்டால் உலகம் இவ்வளவு மலிவாகக் காகிதம் பார்த்திருக்காது. அப்பாவுக்கு இதில் ஒரு கர்வம் உண்டு. “கூழு யார் வேணாலும் காச்சலாம். போட்ட சோடாவத் திருப்பி எடுக்கறவன்தான் மில்ல நடத்தறான்.”

பன்னிரண்டாம் வகுப்பில் அரோமேட்டிக் சேர்மங்கள் நடத்தினார்கள். அந்தச் சொல்லுக்கு மணமுள்ளவை என்று அர்த்தம். முதலில் கண்டுபிடித்தவை நல்ல வாசனையோடு இருந்ததால் வந்த பெயர். பிறகு பென்சீன் மாதிரியான வளையம் இருந்தாலே அரோமேட்டிக் என்று ஆகிவிட்டது. மிஸ் எங்களிடம் கேட்ட எடுத்துக்காட்டுகள் எல்லாம் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. பென்சீன், டொலுவீன், ஃபீனால். பிளைவுட் பசை, நைலான், மாத்திரை, சாயம் என்று எதைத் தொட்டாலும் கடைசியில் எண்ணெய்க் கிணற்றில் போய் முடியும்.

கல்லூரி மூன்றாம் வருடம்தான் அந்த ஒரு வரியைப் படித்தேன்: இயற்கையில் அரோமேட்டிக் வளையங்களின் மிகப்பெரிய கிடங்கு லிக்னின். லைப்ரரியில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். எங்கள் ஊரை நாறடித்த தண்ணி முழுக்க நறுமண வளையங்கள். அப்பா முப்பது வருடமாக அவற்றைத்தான் எரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆராய்ச்சிக்கு அதையே எடுத்துக்கொண்டேன். கருப்புத் தண்ணியிலிருந்து லிக்னினைப் பிரித்து, வினையூக்கி உதவியோடு ஹைட்ரஜன் கொண்டு உடைத்து, சின்னச் சின்ன வளையங்களாக எடுக்க வேண்டும். கல்யாணத் தரகர் உதாரணம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வினையூக்கி என்பது தரகர். இரண்டு வீட்டையும் பேசி முடித்துவிட்டு, தான் எதுவும் ஆகாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். என் தரகர் நிக்கல்.

முதல் வருடம் எல்லாம் சுகம். ஆனால் அப்போது நான் உடைத்தது லிக்னின் இல்லை, லிக்னின் மாதிரியான ஒரு தூய மூலக்கூறு. லிக்னினில் அதிகம் காணப்படும் பிணைப்பு ஒன்றை மட்டும் வைத்துக் கடையில் வாங்கிய வெள்ளைப் பொடி. அழகாக உடைந்தது. என் கைடு, “இனி ஒரிஜினல் லிக்கரைத் தொடு” என்றார். ஒரு ஆலையிலிருந்து முறையாகக் கடிதம் போட்டு இரண்டு கேன் வாங்கினோம். மூடியைத் திறந்ததும் கூட இருந்த ஜூனியர் வெளியே ஓடிவிட்டான். எனக்கு பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி இருந்தது.

அன்று இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். எப்போதும் சாப்பிட்டாயா என்பதோடு நிறுத்துகிறவர், அன்றைக்குக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

“லிக்னின எப்படிப் பிரிக்கற?”

“ஆசிட் விட்டா அடியில படிஞ்சிரும்ப்பா.”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. “கண்ணு, அதுல சல்பைடு இருக்குது. ஆசிட் பட்டா கேஸ் வரும். நாத்தம் அடிக்கற வரைக்கும் பயமில்ல. நாத்தம் நின்னுபோச்சுன்னா எதையும் பாக்காத, எடுக்காத. ஓடிரு.”

எனக்குத் தெரியும் என்றேன். ஹைட்ரஜன் சல்பைடு, பாதுகாப்பு வகுப்பில் படித்ததுதான். குறைந்த அளவில் நாறும். செறிவு நூறு பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கின் நரம்பு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. படித்திருந்தேன். படித்ததற்கும் தெரிந்ததற்கும் உள்ள வித்தியாசம் நான்கு மாதம் கழித்துப் புரிந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். வாயு உறிஞ்சும் கூண்டுக்குள் பீக்கரை வைத்து ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். ஜூனியர் பக்கத்து மேஜையில். கரண்ட் போனது. ஜெனரேட்டரில் விளக்கு வந்தது, கூண்டின் ஃபேன் வரவில்லை. சத்தம் நின்றதை நான் கவனிக்கவில்லை. ஹெட்போனில் பாட்டு. நாற்றம் ஏறியது. வழக்கமானதுதான் என்று நினைத்தேன், நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவள் அல்லவா. பிறகு நாற்றம் போய்விட்டது. அப்பாடா, ஃபேன் வேலை செய்கிறது என்று தோன்றியது. ஆசிட் குழாயை மறுபடியும் திறக்கக் கை போனது.

காற்று இழுக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கூண்டின் கண்ணாடி விளிம்பில் ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டு ஒட்டி வைத்திருப்போம். எப்போதும் உள்பக்கமாகப் படபடத்துக்கொண்டிருக்கும். அது செங்குத்தாக, அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜூனியரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். “அக்கா, என் லேப்டாப்” என்றான். திட்டினேன், என்ன திட்டினேன் என்று நினைவில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்த பிறகு அவன் வாந்தி எடுத்தான். எனக்குத் தலை பிளந்தது. வேறொன்றும் ஆகவில்லை. இன்னும் இரண்டு நிமிஷம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இங்கே எழுதவில்லை, அம்மா இதைப் படிக்கக்கூடும்.

அப்பாவிடமும் அன்று சொல்லவில்லை. ஆனால் ஒன்று மனதில் நின்றுவிட்டது. நான் கேட்டுக்கு வெளியே நிறுத்திய அந்த நாற்றம், முப்பது வருடம் அவர் தினமும் முகர்ந்து ‘இன்றைக்கு உயிரோடு இருக்கிறேன்’ என்று உறுதிசெய்துகொண்ட நாற்றம்.

வேலை தொடர்ந்தது. லிக்னினைப் பிரித்தேன், கழுவினேன், பத்து முறை கழுவினேன். நிக்கலோடு சேர்த்து ஆட்டோகிளேவில் ஹைட்ரஜன் அடைத்துச் சூடேற்றினேன். முதல் ஓட்டத்தில் பழுப்பு நிற எண்ணெய் வந்தது. குவாயகால், சிரிஞ்சால், அவற்றின் உறவுக்காரர்கள். தைல மர லிக்னின் என்பதால் சிரிஞ்சால் அதிகம். விறகு அடுப்புப் புகையின் வாசனையில் பெரும் பங்கு அதனுடையதுதான். அதே வினையூக்கியை எடுத்து இரண்டாவது முறை ஓட்டினேன். பாதிதான் வந்தது. மூன்றாவது முறை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. தரகர் படுத்துவிட்டார்.

கரி படிந்திருக்கும் என்று எரித்துச் சுத்தம் செய்தேன். நிக்கல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகியிருக்கும் என்று வேறு தாங்கியில் செய்தேன். சோடியம் மிச்சமிருக்கும் என்று இன்னும் கழுவினேன். சல்பர்? அதைத்தான் பத்து முறை கழுவியாகிவிட்டதே. அதை அளக்கிற கருவி பழுதாகி இரண்டு மாதமாகக் கிடந்தது. இப்படியே தீபாவளி வந்துவிட்டது.

ஊருக்குப் போகும்போது முதல் ஓட்டத்து எண்ணெயில் ஒரு சொட்டு, சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொண்டுபோனேன். ஆய்வகப் பொருளை வெளியே எடுக்கக்கூடாது. எடுத்தேன். அப்பா அப்போது ரிட்டயர்டு ஆகி மூன்று வருடம். பின்கட்டுக் கொடி சும்மா கிடந்தது.

“பாருங்கப்பா, உங்க கருப்புத் தண்ணில இருந்து எடுத்தது. மோந்து பாருங்க.”

குப்பியை மூக்கில் வைக்காமல், எட்டிப் பிடித்துக் கையால் விசிறி முகர்ந்தார். பழகிய கை. “கெராம்புத் தைலம் மாதிரி இருக்குது. பொகை வாசம் அடிக்குது.” எனக்குப் பெருமை. மறுபடியும் விசிறினார். “உள்ளுக்குள்ள நம்ம மில்லு இருக்குது கண்ணு.”

“இல்லப்பா, பத்துத் தடவை கழுவுனது.”

“நீ எத்தன தடவ வேணா கழுவு. இருக்குது.”

நான் முகர்ந்தேன். எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. திரும்பிப் போய் வேறொரு ஆய்வகத்தில், சல்பரை மட்டும் பிடிக்கும் கருவியில் கொடுத்தேன். இருந்தது. தண்ணீரில் கழுவினால் போகிற சல்பர் வேறு, வேகும்போதே லிக்னினோடு பிணைந்துவிட்ட சல்பர் வேறு. கிராஃப்ட் லிக்னினின் எடையில் ஒன்று முதல் மூன்று சதவீதம் வரை சல்பர் இருக்கும் என்பது நான் என் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்த வாக்கியம். எழுதியவளுக்கு உறைக்கவில்லை. லிக்னின் உடையும்போது அந்த சல்பர் வெளியே வந்து நிக்கலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. தரகரையே மாப்பிள்ளையாக்கி வீட்டோடு வைத்துக்கொண்ட கதை.

ஆனால் அந்தத் தீபாவளியில் அப்பா கேட்ட இன்னொரு கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

“சரி, லிக்னின பூரா நீ எடுத்துட்டீனா பாய்லருக்கு என்னத்தப் போடுவாங்க?”

இந்தத் துறையில் எல்லோரும் லிக்னினைக் கழிவு என்றே ஆரம்பிப்போம். வீணாகப் போகிறது, நாங்கள் பொன்னாக்குகிறோம் என்று. மில்காரனுக்கு அது கழிவே இல்லை, விறகு. எடுத்துவிட்டால் அதற்கு ஈடாக நிலக்கரி வாங்க வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்தப் போய் நிலக்கரியை எரிப்பேன். லிக்னினிலிருந்து பணத்தைத் தவிர எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று துறையில் ஒரு பழைய கிண்டல் உண்டு. அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது.

வெனிலா எசன்ஸின் கதையும் இதுதான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1930-களிலேயே காகித ஆலைக் கழிவிலிருந்து வெனிலின் எடுத்தார்கள். 1981-இல் கனடாவின் தோரோல்ட் நகரத்து ஆலை ஒன்று மட்டும் உலகத்தின் செயற்கை வெனிலினில் 60 சதவீதத்தைக் கொடுத்தது. பிறகு பெட்ரோலியத்திலிருந்து வந்த குவாயகால் மலிவானது, அங்கே உற்பத்தி நின்றது. நார்வேயில் சார்ப்ஸ்போர்க் நகரத்து போரெகார்ட் நிறுவனம் மட்டும் 1962 முதல் ஸ்ப்ரூஸ் மரத்திலிருந்து விடாமல் எடுத்துக்கொண்டிருக்கிறது. அவர்களுடையது சல்ஃபைட் முறை, செம்பு வினையூக்கி. மரத்தின் எல்லாப் பாகத்தையும் தனித்தனியாக விற்கிறார்கள், வெனிலின் அதில் ஒன்று. ஃபின்லாந்தின் சுனிலா ஆலையில் 2015 முதல் கருப்புத் தண்ணியிலிருந்து லிக்னின் எடுத்தார்கள். 2023-இல் அந்த ஆலையையே மூடிவிட்டார்கள். பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தில் பெர்ட் செல்ஸ் குழுவினர் வேறு வழி பார்க்கிறார்கள். லிக்னின் சிதைந்த பிறகு சரிசெய்வதைவிட, மரத்தைப் பிரிக்கும்போதே முதலில் லிக்னினைக் காப்பாற்றிவிடுவது. 2020-இல் அவர்கள் பிர்ச் மரத்தின் எடையில் 78 சதவீதத்தைப் பயனுள்ள வேதிப்பொருட்களாக மாற்றிக் காட்டினார்கள். அதில் ஃபீனாலும் இருந்தது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். தோற்றுவிட்ட குரலில்தான் சொன்னேன். அவர் தட்டில் இருந்த முறுக்கை உடைத்துக்கொண்டே, “பூராவும் எதுக்கு எடுக்கற?” என்றார்.

“பல மில்லுல டைஜஸ்டர் இன்னும் சமைக்கத் தயாரா இருக்கும். பாய்லர்தான் அதுக்கு மேல எரிக்க முடியாம முக்கும். அதனால கூழே கம்மியாத்தான் எடுப்பாங்க. பாய்லருக்கு மிஞ்சறத மட்டும் நீ எடு. அவங்களுக்குப் பாரம் கொறயும், கூழும் கூடும், உனக்கும் லிக்னின் கெடைக்கும். ஆனா ஆசிட் விட்ட தண்ணியத் திருப்பி என்ற பாய்லருக்கு அனுப்பாத. சல்பர் கணக்கு ஒடஞ்சிரும்.”

சுவீடனில் இதற்குத்தான் முடிந்தவரை ஆசிட்டுக்குப் பதிலாகக் கார்பன் டையாக்சைடை ஊதி லிக்னினைப் படிய வைக்கிறார்கள். அதை நான் ஆய்வுக் கட்டுரைகளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பா பாய்லர் முன்னால் நின்று தெரிந்துகொண்டார்.

இப்போது என் வினையூக்கி மாலிப்டினம் சல்பைடு. பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலைகளில் பல பத்தாண்டுகளாக உழைக்கிற பழைய சரக்கு. சல்பரால் அது சாகாது. வேலை செய்யக் கொஞ்சம் சல்பர் கூட இருக்கவும் வேண்டும். நிக்கல் அளவுக்குச் சுத்தமாகப் பிரித்துக் கொடுக்காது, சூடும் அதிகம் கேட்கும், பத்து விதமான ஃபீனால்களை ஒரே கலவையாகக் கொட்டும். ஆனால் ஐந்தாவது ஓட்டத்திலும் நிற்கிறது. இது உலகத்தை மாற்றுமா என்று கேட்டால், மாற்றாது என்பேன். ஒரு மில்லில் பாய்லருக்கு மிஞ்சிய கருப்புத் தண்ணிக்கு ஒரு வழி, அவ்வளவுதான். என் கைடு அதை ஒரு தனி அத்தியாயமாக எழுதச் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் ஊருக்குப் போனேன். நேராக ஆய்வகத்திலிருந்து ரயில். பக்கத்து சீட்டு அம்மா ஈரோடு வருவதற்குள் இரண்டு முறை மூக்கைத் துடைத்துவிட்டு, கடைசியில் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் பஸ்ஸில் புதிதாக ஏறியவர்களின் முகம் அவருக்கு இருந்தது.

வீட்டு வாசலில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டேன்.

“ஏப்பா, பதினொன்னாவதுல ஒரு நாள் உங்கள ஸ்கூல் கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சேன். ஞாபகம் இருக்குதுங்களா?”

பேப்பரை மடித்தார். “கேட்டுக்கு எதுக்கால ஒரு பெரிய வேப்பமரம் இருந்துச்சு. நல்ல நெழல். அதுக்கென்ன கண்ணு?”

“மிஸ் அப்படி ஒன்னும் சொல்லல. நான்தான் பொய் சொன்னேன்.”

“தெரியும்” என்றார். பேப்பரை மறுபடியும் விரித்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். “ஏன்டி, இப்படியேவா ரயில்ல வந்த? முன்னாடி வராத, அப்படியே சந்து வழியாப் போய்க் குளி.”

குளித்துவிட்டு வந்தபோது என் ஆய்வகக் கோட்டைத் துவைத்து, பின்கட்டுக் கொடியில் முருங்கை மரத்துப் பக்கமாகக் காயப்போட்டிருந்தார்.